கதலிக்கு நீலச் சட்டை

வலிகாமத்தில் கடந்த பத்து வருடங்களுக்குள் கல்யாணம் செய்த யாருடைய பட அல்பத்தையாவது பிரித்துப் பாருங்கள். அநேகமாக அதில் என் தம்பியின் கார் நிற்கும். கார் நிற்கிற படங்களில் ஓரமாக அவனுடைய முழங்கையும் தெரியும். இத்தனை பேரின் அல்பத்துக்குள் முழங்கையை நீட்டியவனுக்கு, முப்பத்தொன்பது வயதாகியும் சொந்தமாக ஓர் அல்பம் வாய்க்கவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்தக் கவலை முழுவதும் மூத்தவளான என் தலையில் இறங்கியிருந்தது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு முதலாளி வைத்திருந்து அலுத்துப்போன ஜேர்மன் கார் அது. நீளமென்றால் அப்படி ஒரு நீளம். கோப்பாயில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் அது திரும்பும்போது, முன்பக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் பின்பக்கம் றோட்டில்தான் நிற்கும். தம்பி அதை வாங்கியதோடு விடவில்லை. கூரையின் உள்பக்கம் முழுவதும் குட்டிக் குட்டி நட்சத்திர லைற்றுகள் பூட்டினான். சீற்றுகளுக்குச் சிவப்பு வெல்வெற் போட்டான். பின்சீற்றில் இருக்கிற மணமக்களுக்கென்று, இரண்டே இரண்டு சோடாப் போத்தல் கொள்ளுகிற ஒரு குளிர்பெட்டி வைத்தான். ஹோர்ன் அடித்தால் கெட்டிமேளம் கேட்கும். போதாததற்கு, மணப்பெண் எந்த நிறக் கூறை உடுத்தாலும் படத்தில் எடுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி, காருக்குப் பளிச்சென்று மஞ்சள் அடித்தான். கதவின் உள்விளிம்பு, பொனற்றின் அடிப்பக்கம், டிக்கியின் மூலை என்று ஓர் இடம் மிச்சமில்லை. நீர்வேலி வாழைத்தோட்டக்காரர்கள் அதைக் கண்ட அன்றே ‘கதலி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தம்பிக்கு அந்தப் பெயரில் பெருமைதான்.

நான் மணப்பெண்களுக்குச் சாறிச் சட்டை தைக்கிறவள். அளவு கொடுக்க வருகிற பிள்ளையிடம் “கார் பிடிச்சாச்சோ?” என்று நான் கேட்பேன். கார் கேட்டு வருகிறவர்களிடம் “சட்டை தைக்கக் குடுத்தாச்சோ?” என்று அவன் கேட்பான். இப்படி ஊரில் உள்ள எல்லோரையும் கரைசேர்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரே வளவில் இருந்தோம்.

அவனுக்கு நான் பார்த்த சம்பந்தங்கள் கொஞ்சமல்ல. எதைக் காட்டினாலும் “உங்கடை விருப்பம் அக்கா” என்பான். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அதே பதில்தான் வரும். பிறகு ஏதோ ஒரு காரணத்தால் அது குழம்பிவிடும். அவனுக்கு அதில் கவலையும் இருக்காது.

தெல்லிப்பழைப் பக்கத்துப் பெண்ணின் படத்தைத் தரகர் கொண்டுவந்த அன்றுதான் நடவாதது நடந்தது. பெண் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். முப்பத்தாறு வயது. தகப்பன் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். தம்பி படத்தை வாங்கிப் பார்த்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தான். பிறகு என்னுடைய தையல் மெசின் பக்கத்தில் வந்து நின்று, காலால் நிலத்தைக் கீறிக்கொண்டு சொன்னான்.

“அக்கா, இவவைக் கேளுங்கோ.”

எனக்குக் கையில் இருந்த ஊசி குத்தியது கூடத் தெரியவில்லை. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. எப்படியாவது இதைச் செய்துவைத்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் தரகர் இரண்டாம் நாளே தொங்கிய முகத்தோடு வந்தார். அதிபர் சாதகத்தைக் கையால் தொடவுமில்லை, பெயரைக் கேட்கவுமில்லையாம். கல்யாணக் கார் ஓடுகிறவர் என்று சொன்னதுதான் தாமதம், துள்ளி எழும்பியிருக்கிறார்.

“‘உந்த வாழைப்பழக் கார்தானே? அண்டைக்கு என்ரை கேற்றடியிலை வந்து மேளம் அடிச்ச கார்! அவனுக்கோ என்ரை பிள்ளை?’ எண்டு கத்தினவர்” என்றார் தரகர்.

விசாரித்ததில், ஓர் ஆவணி முகூர்த்தத்தன்று மத்தியானம் நல்ல நித்திரையில் இருந்திருக்கிறார் மனுஷன். தம்பி அவர் வீட்டு வாசலில் கெட்டிமேளத்தை அடித்துக்கொண்டு போயிருக்கிறான். அவர் திடுக்கிட்டு எழும்பி, பாதி நித்திரையில், தாலி கட்டுகிற நேரம் என்று நினைத்து, மணமக்களுக்குத் தூவ அறுகரிசி தேடினாராம். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓர் அதிபருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

தம்பி போய்க் காரைத் துடைத்தான். ஏற்கனவே துடைத்த காரைத்தான் துடைத்தான்.

“ஒரு வழி பண்ணுங்கோ” என்று தரகரை விடாமல் பிடித்தேன். அவர் ஒரு கிழமை காணாமல் போய், பல்லெல்லாம் தெரிய வந்தார். பழைய கதையை எடுக்காமல், புதுச் சம்பந்தம் கொண்டுவந்தது போல அதிபரிடம் போயிருக்கிறார். மாப்பிள்ளை போக்குவரத்துத் துறையில் இருக்கிறார், சொந்தமாகச் சொகுசு வாகனம் வைத்திருக்கிறார் என்று அவிழ்த்துவிட்டிருக்கிறார். அதிபர் சாதகத்தையும் படத்தையும் வாங்கிப் பார்த்தாராம். பொருத்தம் நல்ல திறமாம்.

“பொய்யெல்லோ?” என்றேன்.

“எது பொய்? கார் ஓடுறது போக்குவரத்து இல்லையோ? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் எண்டு பெரியாக்களே சொல்லியிருக்கினம். எனக்கு இன்னும் நிறைய மிச்சம் கிடக்கு.”

அடுத்த வெள்ளிக்கிழமை காலை தெல்லிப்பழையில் ஒரு பிள்ளையார் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. ஒரேயொரு சிக்கல். சொகுசு வாகனம் என்று சொன்னதைக் கேட்ட அதிபர், “அதிலையே வரச்சொல்லுங்கோ, பாப்பம்” என்றிருக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக்கூடாது என்பார்கள். பூசணிக்காயாவது பரவாயில்லை. இது ஒழுங்கையில் திரும்பாத மஞ்சள் கார்.

இந்த நேரத்தில்தான் தம்பியின் சிநேகிதர் ஒருவர் உள்ளே வந்தார். ஓட்டோக்களின் முதுகிலும் பஸ்களின் நெற்றியிலும் ஸ்ரிக்கர் ஒட்டுவது அவர் தொழில். முருகன், அந்தோனியார், சிங்கம், கழுகு எல்லாம் அவர் கையால் ஒட்டுப்பட்டு ஊர் முழுக்க ஓடுகின்றன.

“பெயின்ற் அடிக்க நேரமில்லை. ஒட்டுவம்” என்றார் அவர்.

“என்னத்தை?”

“முழுக் காரையும். வைனில் எண்டு ஒரு தாள் இருக்கக்கா. சூடு காட்டினா ரப்பர் மாதிரி இழுபடும். காருக்கு மேலாலை போத்து ஒட்டிவிட்டா வேறை கார். அலுத்துப்போனா உரிச்சு எறியலாம், உள்ளுக்கு இருக்கிற பெயின்ற் அப்பிடியே இருக்கும். துபாயிலை எல்லாரும் உதுதான் செய்யினம்.”

“நீங்கள் முந்தி ஒட்டியிருக்கிறியளோ?”

“வீடியோவிலை பாத்தனான்.”

நிறத்தைத் தெரிவு செய்வதில் எங்கள் மூவருக்கும் பெரிய விவாதம். அதிபருக்குப் பிடிக்கிற நிறமாக, அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்றேன் நான். பளபளப்பில்லாத கடும்நீலம் என்று முடிவாயிற்று. கொழும்பிலிருந்து தாள் பஸ்ஸில் உருளை உருளையாக வந்து இறங்கியது. பார்த்தால் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறை போடுகிற தாள் போலத்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒட்டுவதற்குக் காற்றும் தூசியும் இல்லாத இடம் வேண்டும். கோப்பாயில் சித்திரை மாதத்தில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? எங்கள் வளவில் மூடிக்கிடந்தது வெங்காயக் கொட்டில் ஒன்றுதான். காயவிட்ட வெங்காயப் பிடிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, கதலியை உள்ளே விட்டோம். வால்பக்கம் கொஞ்சம் வெளியே நின்றது. அதற்குப் பழைய சாறியால் மறைப்புக் கட்டினேன்.

மூன்று நாள் வேலை. ஸ்ரிக்கர்காரர் காரைக் கழுவித் துடைத்து, தாளை விரித்து, சூடான காற்று அடிக்கிற கருவியால் இளக்கி, ஒரு பிளாஸ்ரிக் தட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போனார். வெங்காய நெடியில் மூன்று பேருக்கும் கண்ணீர் ஓடியது. அதைக் கண்ட பக்கத்து வீட்டார், யாரோ தவறிப்போய்விட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பொனற் ஒட்டி முடிந்தபோது நட்ட நடுவில் ஒரு புடைப்பு நின்றது. காற்றுக் குமிழி என்று நினைத்து ஸ்ரிக்கர்காரர் தேய்த்தார். போகவில்லை. என்னிடம் ஊசி வாங்கிக் குத்தினார். அப்போதும் போகவில்லை. கிட்டப்போய்ப் பார்த்தால், வெங்காயச் சருகு ஒன்று பறந்து வந்து உள்ளே படுத்திருந்தது. உரித்தால் தாள் போதாது.

“கிடக்கட்டும்” என்றார். “காருக்கும் ஒரு மச்சம் இருக்கட்டும்.”

பின்னால் பார்க்கிற பக்கக் கண்ணாடியின் கூட்டை மூடுகிற இடத்தில் அவர் திணறிப்போனார். எப்படி இழுத்தாலும் சுருக்கம் விழுந்தது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை. “தள்ளுங்கோ” என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தேன். கையும் உடம்பும் சேருகிற கமக்கட்டுப் பக்கம் சட்டைக்கு எப்படித் துண்டு வைப்போமோ, அதேபோல ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தேன். அச்சாவாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு எந்த வளைவு வந்தாலும் “அக்கா, இதுக்கு எத்தினை அங்குலம் விடுறது?” என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

தையல்காரியின் புத்தி போகாதல்லவா? வேலை முடிந்ததும் நான் முதலில் பார்த்தது உள்மடிப்பைத்தான். கதவைத் திறந்தேன். வெளியே நீலம். உள்விளிம்பு முழுக்கப் பச்சைப் பிள்ளை போல மஞ்சள் சிரித்துக்கொண்டிருந்தது.

“இதென்ன?”

“அது கதவைத் திறந்தாத்தானே தெரியும் அக்கா?” என்றார் ஸ்ரிக்கர்காரர்.

“கதவைத் திறக்காமல் காரிலை எப்பிடி ஏறுறது?”

“ஏறிப்போட்டுச் சாத்துங்கோ.”

வீடியோவில் உள்பக்கம் ஒட்டுவதைக் காட்டவில்லையாம். தாளும் முடிந்துவிட்டது. இனி எங்கள் திட்டம் இதுதான்: வெள்ளிக்கிழமை அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் இறங்கிக் கதவுகளைச் சாத்திவிட வேண்டும். அவர்கள் போகும்வரை யாரும் கதவில் கைவைக்கக்கூடாது. போகும்போது ஸ்ரிக்கர்காரர் தம்பியிடம் இன்னொன்றும் சொன்னார். ஒரு கிழமைக்குத் தண்ணீர், எண்ணெய், சந்தனம், குங்குமம் எதுவும் படக்கூடாது, பட்டால் கறை இழுக்கும்.

தம்பி காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். “ஆரோ தெரியாத ஆள் மாதிரி நிக்குது” என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். ஒழுங்கை முகப்பில் கடைக்காரர் கையைக் காட்டி, “என்ன தம்பி, கதலிக்கு நீலச் சட்டை போட்டிருக்கு?” என்றார். கோப்பாய்ச் சந்தியில் ஒரு சைக்கிள்காரர் நின்று, “கதலி பழுத்துக் கறுத்துப் போச்சோ?” என்றார். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சொல்லும் கேட்காமல் வழக்கம்போலக் கூவினார்கள். அரை மணி நேரத்துக்குள் அந்தக் காரை அடையாளம் தெரியாத ஓர் ஆளைக்கூட நாங்கள் காணவில்லை. “தெல்லிப்பழையிலை ஒருத்தருக்கும் தெரியாது” என்று தம்பிக்கும் எனக்குமாகச் சேர்த்து நான் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

கோயில் வாசலில் வேம்பின் கீழே காரை நிறுத்தி, இறங்கி, கதவுகளைச் சாத்தினோம். தரகர் ஏற்கனவே வந்திருந்தார். சற்று நேரத்தில் ஓட்டோவில் அவர்கள் வந்தார்கள். அதிபர் நெற்றி நிறைய விபூதியும் கையில் குடையுமாக இருந்தார். மகள் இளம்பச்சைச் சாறியில், அர்ச்சனைத் தட்டோடு இறங்கினாள். சாறிச் சட்டையின் கைத் தையல் நேர்த்தியாக இருந்தது. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

ஆனால் அவள் காரைப் பார்த்தாள். பார்த்தவுடனே முகம் வாடிவிட்டது. தம்பியையும் ஒருதரம் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள். போச்சு, பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அதிபர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பறையைப் பார்வையிடுவது போலக் காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“நல்ல வாகனம். அடக்கமான நிறம்.”

“ஓம் சேர்” என்றான் தம்பி.

இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் எல்லாரும் கோயிலுக்குள் போயிருப்போம். அதற்குள் ஐயர் வெளியே வந்தார். பூவில்லை, பொட்டில்லை, ஓரத்தில் ஒட்டுத் தாள் இன்னும் கழற்றாத கார். அதைக் கண்டவுடன் அவர் முகம் மலர்ந்தது.

“புது வாகனமோ? இன்னும் பூசை செய்யேல்லைப் போலை?”

“இல்லை ஐயா... ஓம் ஐயா...” என்றான் தம்பி.

“பேந்து செய்யலாம் ஐயா, பிள்ளையளுக்கு நேரமில்லை” என்று தரகர் குறுக்கே விழுந்தார்.

அதிபர் அவரை முறைத்தார். “புது வாகனத்தைப் பூசை செய்யாமல் ஓடித் திரியிறதோ? இதென்ன பழக்கம்? இப்ப நல்ல நேரம்தான். செய்யுங்கோ ஐயா.”

மாமனாராக வரப்போகிறவர் பூசை செய் என்கிறார். வேண்டாம் என்று எந்த மாப்பிள்ளை சொல்லுவான்? தம்பி என்னைப் பார்த்தான். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். பிள்ளையார் சும்மா இருந்தார்.

ஐயர் தட்டோடு வந்தார். குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளிப் பொனற்றின் நடுவில், சரியாக வெங்காயச் சருகின் மேலே இழுத்தார். அதன் மேலே குங்குமம் வைத்தார். தம்பி பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நாலு ரயருக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார். கற்பூரத்தைக் கொளுத்தினார்.

“நாலு கதவையும் திறவுங்கோ. பொனற், டிக்கி எல்லாத்தையும் திறவுங்கோ. உள்ளுக்கும் தீபம் காட்டவேணும்.”

ஒருவரும் அசையவில்லை. தரகர் கால் கழுவப் போவது போலக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

“உள்ளுக்குத் தூசி ஐயா” என்றான் தம்பி.

“கற்பூரம் எரியுது, கெதியாத் திறவுங்கோ!”

கற்பூரம் உண்மையிலேயே கரைந்துகொண்டிருந்தது. தம்பியின் நல்ல காரியத்தில் கற்பூரம் அணைந்தால் அதைவிட அபசகுனம் உண்டா? பொய் சொல்லலாம், கற்பூரத்தை அணைய விடலாமா? எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. போய் முன்கதவைத் திறந்தேன். பின்கதவைத் திறந்தேன். தம்பியும் மறுபக்கம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தைத் திறந்தான். பொனற் மேலே போனது. டிக்கி மேலே போனது. நீலக் காரின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் மஞ்சள் பளீரென்று அடித்தது.

“ரெண்டு நிறம் குடுத்திருக்கிறியள், நல்ல வடிவு” என்று சொல்லிவிட்டு ஐயர் தீபம் காட்டினார்.

அதிபர் நெற்றியைச் சுருக்கினார். எங்கோ பார்த்த மஞ்சளாக இருக்கிறதே என்று அவர் யோசிப்பது தெரிந்தது. ஆனாலும் பிடிபடவில்லை. தப்பிவிடலாம் என்று எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

“எல்லாத்தையும் சாத்திப்போட்டு வாகனத்தை எடுங்கோ. தேசிக்காயிலை ஏறட்டும்” என்றார் ஐயர்.

தம்பி ஏறி இருந்தான். பத்து வருடமாக, சந்தனமும் பூவும் கற்பூரமும் மணக்கிற இடத்திலிருந்து காரை எடுக்கும்போது அவன் கை தன் பாட்டில் ஒரு வேலை செய்யும். அன்றும் செய்தது.

ஹோர்ன் அடித்தது. கெட்டிமேளம் கோயில் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது.

அதிபர் மகளின் தட்டில் இருந்த பூவை ஒரு கை அள்ளி, காரின் மேலே தூவினார்.

தூவிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மஞ்சளும் மேளமும் ஒன்றாகச் சேர்ந்து அவர் தலைக்குள் போய் இருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

“அந்தக் கார்! வாழைப்பழக் கார்! தாளைச் சுத்திக்கொண்டு வந்து என்னைப் பேய்க்காட்டினியளோ? பிள்ளை, நட. போவம்!”

தேசிக்காய் நசுங்கிய சத்தத்தோடு கார் நின்றது. தம்பி இறங்கி வந்தான்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். கலியாணக் கார் ஓடுறதுதான் என்ரை தொழில். எனக்கு அதிலை வெக்கமில்லை. நீங்கள் வேண்டாமெண்டு போடுவியள் எண்ட பயத்திலை மறைச்சிட்டன். அது பிழை.”

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. வெட்கப்படாதவனை வெட்கப்பட வைத்தது நான்தான். அவன் ஆசையாக அடித்த மஞ்சளை அளவெடுத்து மூடியதும் நான்தான்.

அதிபர் குடையை விரித்துக்கொண்டு இரண்டடி போனார். மகள் போகவில்லை.

“அப்பா, கொஞ்சம் நில்லுங்கோ.”

அவள் காரடிக்குப் போய் முன்கதவைத் திறந்து, உள்ளே சிவப்பு வெல்வெற்றைப் பார்த்தாள். பிறகு கூரையின் நட்சத்திரங்களை எட்டிப் பார்த்தாள். வாடியிருந்த முகம் அப்போதுதான் தெளிந்தது.

“எனக்கு இந்தக் காரைத் தெரியும். தரகர் கொண்டுவந்த படத்தைக் கண்ட அண்டைக்கே ஆளையும் தெரியும். சொன்னா நீங்கள் வரமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை. என்ரை சிநேகிதியள் ஐஞ்சு பேருக்கு நான்தானே அப்பா தோழி? ஐஞ்சு தரமும் பூச்செண்டை மடியிலை வைச்சுக்கொண்டு இந்த முன்சீற்றிலைதான் இருந்தனான்.”

தம்பி வாயைத் திறந்தபடி நின்றான்.

“ஒரு கலியாணத்திலை, வெளிக்கிட்ட நேரம் துவக்கம் பொம்பிளை அழுதுகொண்டே வந்தவள். மையெல்லாம் கரைஞ்சு முகம் முழுக்கக் கறுப்பு. இவர் ஒண்டும் கேளாமல், மண்டபத்துக்குப் போகாமல், அவளின்ரை அழுகை முடியுமட்டும் வாழைத்தோட்டங்களைச் சுத்திச் சுத்தி மெதுவா ஓடினவர். நான் அதுக்குள்ளை முகத்தைத் துடைச்சு மை பூசிவிட்டன். போய் இறங்கினவுடனை எல்லாரும் நேரம் பிந்திப்போச்சு எண்டு இவரைத்தான் பேசினவை. ரயரிலை காத்துப் போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டு, பேச்சு வாங்கிக்கொண்டு நிண்டவர்.”

அந்தக் கதையை அவன் என்னிடம் கூடச் சொன்னதில்லை. என் தம்பியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி உலகத்தில் இருந்திருக்கிறாள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“இண்டைக்கு நீலக் கார் நிக்கிறதைக் கண்டவுடனை, அதை வித்துப்போட்டார் எண்டு நினைச்சன். சரியான கவலையாப் போச்சு” என்றாள் அவள். பிறகு முதல் முறையாகத் தம்பியை நேராகப் பார்த்துக் கதைத்தாள். “ஐஞ்சு தரத்திலையும் என்னை நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை. ‘தங்கச்சி, பெல்ற்றைப் போடுங்கோ.’ அவ்வளவுதான் கதைச்சனீங்கள்.”

“றோட்டைப் பாத்து ஓடவேணுமெல்லோ” என்றான் தம்பி, பரிதாபமாக.

“ஆறாம் தரம் நான் முன்சீற்றிலை இருக்கமாட்டன். பின்சீற்றிலைதான் இருப்பன்.”

எனக்கு உடனே விளங்கியது. ஐயருக்கும் விளங்கிவிட்டது. கிணற்றடியில் நின்ற தரகருக்கும் விளங்கி, அவர் ஓடி வரத் தொடங்கினார். தம்பிக்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியவுடன் முகமெல்லாம் சிவந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னான்.

“ஓம் தங்கச்சி.”

எட்டி அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டினேன். அவள் தட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மிச்சமிருந்த பூவெல்லாம் அவள் சாறியில் கொட்டியது. ஐயர் மணியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதிபர் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமோ தெரியாது. குடையை மெதுவாகச் சுருக்கினார். காரடிக்கு வந்து முன்சீற்றைப் பார்த்தார், பின்சீற்றைப் பார்த்தார். கணக்கில் பிழை கண்டுபிடிக்கிற அதிபரின் குரலில் கேட்டார்.

“அப்ப, மாப்பிள்ளையும் பின்னுக்கு இருந்தா, காரை ஆர் ஓடுறது?”

என் தம்பியை ஒருவர் ‘மாப்பிள்ளை’ என்று அழைக்க வேண்டும் என்று எத்தனை கோயிலுக்கு நேர்ந்திருப்பேன்! அதிபர் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனம் மாறுவதற்குள் யாராவது பதில் சொல்லிவிட வேண்டுமே என்ற அவசரத்தில், சாறித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்குப் போனேன்.

“நான் ஓடுறன் சேர்” என்றேன்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது.